இத்தாலிக் கிழவரின் கோணல் விளக்கு

இன்றைக்கு ஆயுத பூஜை. காலையிலேயே கடையைக் கழுவிவிட்டு, காற்றடிக்கிற கம்ப்ரசருக்குச் சந்தனம் வைத்தேன். புத்தி கெட்டவன். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒரு லாரி டயருக்குக் காற்று அடித்திருந்தேன். இரும்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஈரச் சந்தனம் பட்டதும் சுர்ரென்றது. அப்புறம் சந்தனம் கருகுகிற வாசனை வந்தது. கையில் இருந்த கிண்ணத்தை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, பூஜய பாதியில வுட்டுட்டு நிக்கிற?" என்றார். புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன். சரி என்று போய்விட்டார். நம்பிவிட்டார்.

அதனால்தான் உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீ ஒன்பது வருஷம் இத்தாலியில் இருந்தபோதுகூட உனக்கு நான் கடுதாசி எழுதினதில்லை. எல்லாம் போனிலேயே முடிந்துபோயிற்று. எட்டாவதோடு நின்றவன் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

நீ திரும்பி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஏர்போர்ட் வாசலில் நானும் நம் பொண்ணும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். எல்லாரும் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். நீ பெட்டியை யாரோ ஒரு பையன் தலையில் கட்டிவிட்டு, நாலு புடவையில் சுற்றின ஒரு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாய். காரில் ஏறின பிறகும் அதை மடியைவிட்டு இறக்கவில்லை. செங்கல்பட்டு தாண்டுகிற வரைக்கும் வாயை அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

"இன்னாமே, இத்தாலியில ஒண்ண பெத்துக்கினு வந்துட்டியா?"

டிரைவர் சிரித்துவிட்டான். பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். நீ மட்டும் அசையாமல், "ஆமாய்யா. உன்ன மாதிரி கோணலா பொறந்து கீது. வூட்டுக்கு வந்து பாரு" என்றாய்.

வீட்டில் பிரித்தபோது விளக்கு. மேசை மேல் வைக்கிற விளக்கு. பால் வெள்ளைக் கண்ணாடி, அதற்குள்ளேயே சாய்வாகச் சுற்றிச் சுற்றி ஏறுகிற கோடுகள். கீழே தண்டு, மேலே தொப்பி. மழை பெய்த மறுநாள் வைக்கோல் போர் ஓரத்தில் முளைக்குமே காளான், அந்த வடிவம். தண்டுக்கும் தொப்பிக்கும் நடுவில் ஒட்டு கிடையாது. அடியில் ஓட்டை, அதன் வழியாகக் குண்டு பல்பு உள்ளே ஏறும். ஏற்றினால் தண்டு, தொப்பி எல்லாமே சேர்ந்து வெளிச்சம் ஆகும். எல்லாம் சரி, ஆனால் விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி.

நான் பேப்பரை நாலாக மடித்து அடியில் வைத்தேன். நீ வெடுக்கென்று பிடுங்கினாய்.

"அத்த நேர் பண்ணாத. அது அப்படித்தான்."

"விழுந்துடும்மே."

"அறுவது வருசமா விழல. உன் கைக்கு வந்துதான் விழப் போவுதா?"

அன்றைக்குத்தான் அந்தக் கிழவரின் கதையை முழுசாகச் சொன்னாய். போனில் துண்டு துண்டாகக் கேட்டதுதான், ஆனால் விளக்கை எதிரில் வைத்துக்கொண்டு நீ சொன்னபோது வேறு கதை மாதிரி இருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த உன்னை, வயசான சிஸ்டர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் இத்தாலிக்கு அழைத்துப் போனார்கள். நாலு வருஷம் கழித்து மிலான் ஊரில் இந்தக் கிழவர் வீட்டுக்கு மாறினாய். கடைசி ஐந்து வருஷமும் அவரைக் குளிப்பாட்டினது, ஊட்டினது, மாத்திரை கொடுத்தது எல்லாம் நீதான்.

அவர் விளக்கு செய்கிறவர் இல்லை, விளக்கை வரைகிறவர் என்று முதலில் என்னைத் திருத்தினாய். அவர் காகிதத்தில் படம் போட்டுக் கொடுப்பார். வெனிஸ் பக்கத்துத் தீவில் உலை வைத்திருக்கிறவர்கள், உருகின கண்ணாடியைக் குழாய் முனையில் எடுத்து ஊதிச் செய்வார்கள். அவர் வாலிபத்தில் அங்கே எல்லாரும் தண்டைத் தனியாக, தொப்பியைத் தனியாக ஊதி, பிறகு சேர்ப்பார்களாம். இவர் மட்டும் ஒரே மூச்சில் ஒரே துண்டாக வேண்டும் என்று படம் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். ஊதுகிறவர் படத்தைப் பார்த்துவிட்டு, "வரைஞ்ச கைக்கு ஊதத் தெரியுமா?" என்று கேட்டாராம். தெரியாது. ஆனாலும் அந்த ஆள் ஊதினார். காலையிலிருந்து ஊதி ஊதி எல்லாம் வெடித்து, தரையெல்லாம் கண்ணாடி. மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கிற நேரத்தில் ஒன்று நின்றது. சாய்ந்து நின்றது.

அடுத்த நாளிலிருந்து நேராகவே வந்தன. நேராக வந்தவை கடைகளுக்குப் போயின, புத்தகங்களில் படமாக வந்தன, அவர் பெயரைத் தாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போயின. சாய்ந்ததை உடைத்து மறுபடி உலையில் போடச் சொன்னார்கள். அவர் அதைத் தன் கோட்டுக்குள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சாகிற வரைக்கும் தலைமாட்டில் இதுதான் எரிந்தது. "காத்து அந்த ஆளோடது, பேரு மட்டும் என்னோடது" என்று உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லி வருத்தப்பட்டாராம். அவர் போன பிறகு அவருடைய மகளே புடவை கேட்டு வாங்கி, சுற்றி உன் கையில் கொடுத்தாள். நேராக நிற்கிறது ஒன்று என்னிடம் இருக்கிறது, இது உனக்கென்று அப்பா எழுதிவைத்திருக்கிறார் என்றாளாம்.

எனக்கும் அந்தக் கிழவருக்கும் நேரடிப் பழக்கம் உண்டு என்பதை மறக்காதே. ஒரு தடவை நீ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது நான் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, போனைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். குமிழி வருகிற இடத்தை நான் விரலால் காட்ட, பல்லில்லாத வாயால் சிரித்தார். ஏதோ சொன்னார்.

"இன்னாமே சொல்றாரு உன் ஆளு?"

"உன் வூட்டுக்காரரும் காத்த நம்பிப் பொழைக்கிறவரான்னு கேக்கறாரு."

"ஆமான்னு சொல்லு. எங்கிட்ட வந்தா ஒரே மூச்சுல ட்ராக்டர் டயரு ஊதிக் காட்டறேன்னு சொல்லு."

நீ சொன்னாயோ இல்லையோ, கிழவர் இரண்டு கன்னத்தையும் உப்பிக் காட்டினார். நானும் உப்பிக் காட்டினேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

இப்படியெல்லாம் இருந்தும் நான் அவரைக் கிண்டல் பண்ணாத நாள் இல்லை. "உன் கெழவன்" என்றுதான் சொல்வேன். "உன் கெழவன் கண்ண மூடிக்கினாரு, வெளக்கு மட்டும் மொறைக்கிது" என்பேன். நீ சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு அதன் தலையில் உள்ளங்கையை வைத்து, சூடு ஏறுகிற வரைக்கும் சும்மா இருப்பாய். கையைச் சுடாத எல்.ஈ.டி. பல்பு வாங்கி வந்தால் வேண்டாம் என்றாய். குண்டு பல்புக்காக நான் உத்திரமேரூரில் கடை கடையாக ஏறி, காஞ்சிபுரம் போய், கடைசியில் வாலாஜாபாத்தில் நம் பொண்ணு வீட்டுத் தெருவில் ஒரு பழைய கடையில் பிடித்தேன். கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொல்வேன், "ஒரு நா இல்ல ஒரு நா, உன் கெழவன் வெளக்க எத்தும்போய் ஏரியில போடப் போறேன் பாரு." இதை நான் பொண்ணு முன்னால் சொல்லியிருக்கிறேன். எதிர் வீட்டுப் பச்சையம்மா முன்னால் சொல்லியிருக்கிறேன். டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். சொல்லாத இடம் கோயில் ஒன்றுதான்.

பொறாமை இருந்தது. அதை இப்போது ஒளிக்க மாட்டேன். நம் பொண்ணு பெரிய மனுஷி ஆனதை நீ போனில் கேட்டாய். அவள் பத்தாவது பாஸ் பண்ணினதைப் போனில் கேட்டாய். எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனதை, ஆகி முடிந்த பிறகு கேட்டாய். கிழவருக்கோ எந்தப் பல் எந்த வருஷம் விழுந்தது என்று உனக்குத் தெரியும். குடும்பத்துக்காகத்தான் போனாய், எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வெள்ளைக் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் என் ஒன்பது வருஷம் அதற்குள் எரிகிற மாதிரி இருக்கும். இதை நேராக உன்னிடம் சொல்லத் தெரியாமல்தான் ஏரி, கீரி என்று உளறிக்கொண்டிருந்தேன்.

நீ வந்த பிறகு மூன்று கார்த்திகை நன்றாகப் போயின. கார்த்திகை தீபத்தன்று வாசலில் அகல் வரிசைக்கு நடுவில் உன் விளக்கையும் வைப்பாய். கூடத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுப்பது என் வேலை. தெருவே வந்து பார்க்கும். பிறகு சர்க்கரை உன் சிறுநீரகத்தைப் பிடித்தது, அப்புறம் கண்ணைப் பிடித்தது. இடது கண் முழுக்கப் போய், வலது கண்ணில் வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்பது மட்டும் தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். மற்ற நாளெல்லாம் கட்டில். வெளிச்சம் வந்தால்தான் பொழுது விடிந்தது தெரிகிறது என்று, கூடத்தில் உன் அறைக் கதவுக்கு நேராகப் பகலிலும் விளக்கைப் போட்டு வைக்கச் சொன்னாய்.

போன வருஷம் இதே ஆயுத பூஜை. எப்போதும் கடைக்கு நான், வீட்டுக்கு நீ என்றுதான் பழக்கம். உன்னால் எழ முடியாததால் உன் பங்கையும் நானே எடுத்துக்கொண்டேன். மிக்சியைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். கிரைண்டருக்கு வைத்தேன். தையல் மிஷினுக்கு, அரிவாள்மணைக்கு, டி.வி.க்குக்கூட வைத்தேன். கிண்ணத்தில் இன்னும் சந்தனம் இருந்தது. உன் விளக்கைப் பார்த்தேன். கிழவர் உனக்குச் சோறு போட்டவர். அவர் கைவேலையும் ஓர் ஆயுதம்தானே என்று தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த விளக்கை நல்ல மனசோடு தொடப் போனேன்.

விடிகாலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் தெளித்த மாதிரி அதற்கும் செம்பிலிருந்து தண்ணீர் தெளித்தேன். மூன்று விரலால் சந்தனத்தை அள்ளி அதன் நெற்றியில் பட்டையாக இழுத்தேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். ஒன்றும் ஆகவில்லை போல் இருந்தது. குங்குமம் வைக்கக் கையைக் கொண்டுபோனபோது, சந்தனத்துக்கு அடியிலிருந்து ஒரு கோடு புறப்பட்டுத் தொப்பியைச் சுற்றிக்கொண்டு போனது. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். கோடு சுற்றி வந்து சேர்ந்ததும் தொப்பி கழன்று தரையில் விழுந்தது.

"இன்னாய்யா சத்தம்?" என்றாய் உள்ளறையிலிருந்து.

"தேங்கா ஒடச்சேன்."

"நடு வூட்லயா ஒடப்பாங்க?"

"கடைக்கு ஒரு தேங்கா, வூட்டுக்கு ஒரு தேங்கா. நான் ஒருத்தன்தான கீறேன், எத்தினி வாசலுக்குத்தான் ஓடறது?"

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்போடு என் வாய் அடைத்துப்போயிற்று. அந்த நிமிஷத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று, பல்பை மட்டும் எரியவிட்டு, கண்ணாடியைக் கூட்டிச் சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மறுநாள் நீ டயாலிசிஸ் முடித்து அசந்து தூங்கினபோது, நானும் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைப் பண்ணிப் பார்த்தேன். தொப்பியில் பெரிய துண்டுகளைப் பொறுக்கி, பஞ்சர் சொல்யூஷன் தடவி, டியூபுக்குப் போடுகிற ரப்பர் பேட்ச் வைத்து ஒட்டினேன். இருபத்தைந்து வருஷம் எத்தனை ஓட்டையை அடைத்த கை! ஒட்டிக்கொண்டது என்றுகூட நினைத்தேன். பல்பைப் போட்டுக் கால் மணி நேரம் ஆகவில்லை, சொல்யூஷன் உருகி ஒழுக ஆரம்பித்தது.

"இன்னா டயரு நாத்தம்?" என்று முழித்துக்கொண்டாய்.

"பஞ்சர் கடைக்காரனக் கட்டிக்கினு மல்லிப்பூ வாசன வருமா?"

அதற்கும் சிரித்தாய்.

பண்டிகைக்கு வந்த நம் பொண்ணு பெருக்கும்போது சாக்கைப் பார்த்துவிட்டாள். என்னைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துக்கொண்டு போனாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு உன் அறை ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"நைனா, எங்கிட்ட மட்டும் மெய்ய சொல்லு. நீயே போட்டு ஒடச்சியா?"

"சந்தனம் வெச்சேன்டி. சூட்டுல வெடிச்சிக்கினுச்சி."

"அம்மா இத்தாலிக்குப் போனதுல இருந்து நீ பட்ட பேஜாரு எனக்குத் தெரியும். நான் கோச்சிக்க மாட்டேன். ஒடச்சிருந்தா சொல்லிடு."

அவள் குத்திக்காட்டவில்லை. தன் அப்பனை மன்னிக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தாள், நான் செய்யாத காரியத்துக்கு. உன்னிடம் சொன்னால் நீயும் இப்படித்தான் நிற்பாய் என்று அப்போது புரிந்தது. கண் தெரியாமல் படுத்திருக்கிற உன்னிடம், உன் புருஷன் பொறாமையில் உடைத்துவிட்டான் என்கிற நினைப்பையும் கொடுத்து அனுப்ப வேண்டுமா? அதற்கு நான் பயந்தேன்.

அன்றிலிருந்து எனக்குள் நானே நடத்துகிற விசாரணை இன்னும் முடியவில்லை. தொப்பி விழுந்த அந்த நொடியில் என் மனசின் மூலையில் ஒரு துளி சந்தோஷம் இருந்ததா? ஆயிரம் தடவை போய்த் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை என்றுதான் படுகிறது. ஆனால் திருடனும் நானே, போலீசும் நானே. எனக்கு எப்படித் தெரியும்?

வாசல் தூணில் மாட்டுகிற வெள்ளைக் குண்டு விளக்கு ஒன்று வாங்கி வந்து, ஒரு சொம்பின் வாயில் உட்காரவைத்து, உள்ளே உன் குண்டு பல்பைப் போட்டேன். உன் கண்ணுக்கு வெள்ளையாக ஒரு கலங்கல் தெரிந்தது. போதும் என்று படுத்திருந்தாய். ஒரு நாள் தொட வேண்டும் என்றாய். கிட்டே கொண்டுவந்து உன் கையை எடுத்து அதன் மேல் வைத்தேன். சர்க்கரையில் உன் விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது.

"இன்னிக்கி வழவழன்னு கீது."

"தொடச்சி வெச்சிருக்கேன்."

"நீயா?" என்று கேட்டுவிட்டு, சூடு ஏறுகிற வரைக்கும் கையை எடுக்காமல் இருந்தாய். முகத்தில் அந்த மிலான் வீட்டுக்குப் போய்விட்டு வருகிற பாவனை. நான் பக்கத்தில் சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் வாழ்க்கையில் நான் பண்ணின வேடிக்கைகளிலேயே கேவலமானது அதுதான்.

கார்த்திகை வந்தது. சாயங்காலம் நீயாகவே எழுந்து உட்கார்ந்துகொண்டாய். அன்றைக்கு உன் குரலில் தெம்பு இருந்தது.

"யோவ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸு எங்க? வெளக்க வாசல்ல வைக்கல?"

"வைக்கலாம்மே."

"எப்ப, அகலெல்லாம் மலையேறின பின்னாலயா?"

எதிர் வீட்டுப் பச்சையம்மா கையில் அகல் தட்டோடு நம் வாசற்படியில் நின்றாள். "அக்கா, உங்க இத்தாலி வெளக்கு வந்தாத்தான் நம்ம தெரு தெருவா இருக்கும். அண்ணா, சீக்கிரம் எத்தும் வாங்க" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இனிமேல் முடியாது என்று ஆகிவிட்டது. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, ஊசி குத்திக் குத்தி வீங்கியிருந்த உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வெளக்கு ஒடஞ்சி பூட்ச்சிமே. ஆயுத பூஜ அன்னிக்கி. தண்ணி தெளிச்சேன், சந்தனம் வெச்சேன். சூடா இருந்துச்சி. ஒடஞ்சி பூட்ச்சி."

நீ என் பக்கம் முகத்தைத் திருப்பினாய். அப்புறம் உன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாய் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாய்.

"இம்மா நாளா ஏரியில போடறேன்னு சொன்ன. இன்னிக்கி சந்தனம் வெச்சி ஒடச்சேன்ற. நல்லா ஜோடிக்கிறய்யா நீ."

"மெய்யாலுமே சொல்றேன். அப்ப தேங்கான்னு சொன்னது அதான்."

"நீயி? என் கெழவன் வெளக்குக்கு நீ சந்தனம் வெச்சியா?" உனக்கு மூச்சு வாங்கியது. வாங்கிக்கொண்டே சிரித்தாய். "போட்டு ஒடச்சேன்னு சொல்லிருந்தாக்கூட நம்பிருப்பேன்யா. சந்தனம் வெச்சேன்ன பாரு."

இன்னொரு தடவை சொன்னேன். என் குரல் உடைந்ததை நீ நடிப்பு என்று நினைத்தாய். போதும் நிறுத்து, வயிறு வலிக்கிறது என்றாய். வாசற்படியில் நின்ற பச்சையம்மா என் முகத்தைப் பார்த்தாள். சொம்பு மேல் இருந்த குண்டு விளக்கைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து, அதைத் தூக்கிக்கொண்டு போய் அகல்களுக்கு நடுவில் வைத்தாள். நான் ஒயரை இழுத்துக் கொடுத்தேன்.

"வெச்சாச்சிக்கா. பாருங்க."

நீ வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாய். "கோணலாத்தான நிக்கிது?"

பச்சையம்மா என்னைப் பார்த்தாள். பிறகு உன்னைப் பார்த்தாள். "கோணலாத்தான் கீதுக்கா" என்றாள்.

"இவர நேர் பண்ண வுடாத" என்றாய்.

ஐந்தாம் நாள் டயாலிசிஸுக்குப் போன இடத்திலேயே நீ போய்விட்டாய். என் தோளில் சாய்ந்து ஆட்டோவில் போனவளை வேறு வண்டியில் திருப்பிக்கொண்டு வந்தேன்.

சாவு வீட்டில் நான் அழுதது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. பெண்டாட்டி போனால் அழமாட்டானா? ஆனால் என் துக்கத்துக்குள் இன்னொரு துக்கம் இருந்ததை யாரிடம் சொல்வது? தப்பு பண்ணினவன் மன்னிப்புக் கேட்கலாம். எதிராளி கொடுக்காவிட்டாலும் கேட்டோம் என்றாவது இருக்கும். நான் கேட்டேன், நீ தப்பே நடக்கவில்லை என்று போய்விட்டாய். விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, கோணலாக நிற்கிறது, புருஷன் வழக்கம்போல் கதை விடுகிறான். இந்த மூன்றையும் நம்பிக்கொண்டு போனாய். மூன்றும் பொய். ஊர் முழுக்க விளையாட்டுக்குப் பேசிப் பேசி, உண்மை பேசின ஒரே நாளில் செல்லாக் காசாகிவிட்டேன்.

போன மாசம் கிழவரின் மகளிடமிருந்து நம் பொண்ணுக்குச் செய்தி வந்தது. உன் போன் நம் பொண்ணிடம்தானே இருக்கிறது. அப்பாவின் பழைய காகிதக்கட்டில் அந்தக் கோணல் விளக்கின் முதல் படம் கிடைத்திருக்கிறதாம். அவர் வரைந்தவற்றையெல்லாம் ஒரு கூடத்தில் மாட்டி ஊருக்குக் காட்டப் போகிறார்களாம். விளக்கு இப்போது உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது, ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாள். நீ போன செய்தி அவளுக்கு முன்பே தெரியும்.

"கார்த்திகைக்கு எடுத்த பழைய போட்டோ ஒண்ணு கீது நைனா. அத்த அனுப்பிட்டா முடிஞ்சிபோச்சி" என்றாள் நம் பொண்ணு.

"நடந்தத எழுது" என்றேன்.

"அவங்களுக்கு ஆயுத பூஜன்னா இன்னா தெரியும்?"

"எழுது. நம்பினா நம்பட்டும்."

நான் சொல்லச் சொல்ல அவள் போனில் தமிழில் அடித்தாள், போனே அதை அவர்கள் பாஷையில் மாற்றியது. வருஷத்தில் ஒரு நாள் எங்களுக்கு உழைக்கிற பொருளையெல்லாம் கழுவிச் சந்தனம் வைத்துக் கும்பிடுவோம். உங்கள் அப்பாவின் விளக்குக்கும் வைத்தேன். அது சூடாக இருந்ததை யோசிக்கவில்லை. உடைந்துவிட்டது. என் மனைவிக்கு இது தெரியாது. அவ்வளவுதான் எழுதச் சொன்னேன். நான் பஞ்சர் ஒட்டினதைப் பொண்ணு அவளாகவே சேர்த்துவிட்டாள்.

முந்தாநாள் பதில் வந்தது. பொண்ணு வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறிக் கடைக்கே வந்து படித்துக் காட்டினாள். முதல் வரி, கையில் வெட்டுப்பட்டதா என்று கேட்டிருந்தது. சூடான கண்ணாடி ஆழமாக வெட்டும் என்று அப்பா சொல்வாராம். வெட்டத்தான் செய்தது, கட்டை விரலில். துணி சுற்றிக்கொண்டு, அந்த விரல் உன் மேல் படாமல் திரிந்தேன். வேறு யாரும் கேட்கவில்லை. பொண்ணு படிப்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தாள். தழும்பை விரலால் தடவினாள். "மன்னிச்சிக்கோ நைனா" என்றாள். அப்புறம் மீதியைப் படித்தாள்.

அதற்கு அடுத்த வரியில், எங்கள் அனுமதி கேட்டிருந்தாள் அந்த மகள். அந்தப் படத்தை மாட்டும்போது அடியில் நான் சொன்னதையே எழுதிவைக்கலாமா என்று. இந்த விளக்கை ஒருவர் சந்தனம் இட்டு வணங்கினார், அப்போது உடைந்தது என்று. வைக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

எனவே உனக்கு நன்றாகப் படிக்கத் தெரிந்த பாஷையில், நீ ஐந்து வருஷம் நடந்த ஊரில், சுவரில் அது இருக்கப்போகிறது. முன்பின் தெரியாதவர்கள் வந்து படிப்பார்கள். ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். அப்படியே நம்பிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். இப்போது நம் தெருவிலும் அப்படித்தான். பெண்டாட்டியை இழந்தவன் என்று நான் எது சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். போன வாரம் பச்சையம்மாவிடம், ராத்திரி சோறு கம்ப்ரசரில்தான் வேகவைத்தேன் என்றேன். பாவம், அதற்கும் கண் கலங்கிவிட்டாள்.

உண்மையைச் சொன்னபோது நம்பாமல், மூச்சு வாங்க, தோள் குலுங்கச் சிரித்தவள் நீ ஒருத்திதான். அந்தச் சிரிப்பு என்னிடம்தான் இருக்கிறது. அது என்னைக் கொல்லுகிறது. அதை விட்டால் உன்னுடையது என்று கேட்க எனக்கு வேறு சத்தமும் இல்லை.